டெலிபோனுக்குப் பாடு போட்ட கதை

பழவேற்காடு
24-2-87

அன்பு மகள் தேவகிக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிடச் சுகம், அவள் வாய் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். அங்கே பாரதீப்பில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று கங்கையம்மனிடம் தினமும் சொல்லி வைக்கிறோம். பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் வந்தது. அதில் முக்கால் பக்கம் மாப்பிள்ளை வாங்கின புது சைக்கிளைப் பற்றி எழுதிவிட்டு, பேரனுக்குப் பல் முளைத்த சேதியைக் கடைசி மூலையில் நுணுக்கி எழுதியிருந்தாய். சைக்கிளுக்கு என் ஆசீர்வாதம். உன் அம்மா அந்தப் பல்லு வரியை மட்டும் நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள், நான் நாலாவது தடவை வேண்டுமென்றே இரண்டு பல் என்று சேர்த்துப் படித்தேன், சந்தோஷப்பட்டாள். அவளுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் எதிர் வீட்டில் சண்டை என்றால் அந்த வலி தானாகப் போய்விடுகிறது, அதனால் கவலைப்படாதே. கப்பல் பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனதாக எழுதியிருந்தாய். பார்க்கட்டும், ஆனால் ஓரத்துக்குப் போகாதே. கடல்கரையில் பிறந்தவள் என்று தைரியம் காட்டாதே, அங்கே இருக்கிற தண்ணீருக்கு நீ யார் மகள் என்று தெரியாது.

இப்போது பெரிய சேதிக்கு வருகிறேன். நம் குப்பத்துக்கு டெலிபோன் வந்துவிட்டது. பொய் இல்லை, உன் பிள்ளைமேல் சத்தியம். அந்தப் பெரிய புயலுக்கு அப்புறம் கட்டினார்களே, நாம் வலை காயப் போடுகிற புயல் கட்டடம், அதற்குள் மரப்பெட்டி செய்து, பெட்டிக்குள் கறுப்பாகப் பூனைக்குட்டி மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள். புயல் வந்தால் முன்கூட்டிச் சொல்வதற்கு என்று அரசாங்கத்தில் கொடுத்தது. புயல் இல்லாத நாளில் ஊர் ஜனம் பேசிக்கொள்ளலாம், வாடகை மட்டும் ஊர் கட்ட வேண்டும் என்றார்கள். தனியாக ஒரு வீட்டால் ஆகிற காரியமா? அதனால் மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு ஒரு தட்டு இறால் டெலிபோன் பேருக்கு எடுத்து வைப்பது என்று பேசி முடித்தோம். எந்த வீட்டுக்கும் பாரம் தெரியவில்லை. லைன்மேன் நாலு பேர் ஏரியைத் தாண்டிக் கம்பம் நட வந்தார்கள். படகில் ஏறின உடனே மூன்று பேருக்கு வாந்தி. கடைசியில் கம்பத்தை நம் ஆட்களே படகில் கட்டி இழுத்துப் போய் இடுப்புத் தண்ணீரில் நின்று நட்டார்கள், லைன்மேன்கள் கரையில் உட்கார்ந்துகொண்டு இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று கையை ஆட்டினார்கள். இப்போது கம்பிமேல் நீர்க்காகங்கள் வரிசையாக இறக்கையை விரித்துக் காய்கின்றன. அதைப் பார்த்து உன் அம்மா, கரைப்பக்கம் தாழ்வாக வருகிற கம்பியில் நாலு கருவாடு கட்டிக் காயப் போடலாமா என்று லைன்மேனையே கேட்டாள். அந்த மனுஷன் உடனே படகு ஏறிவிட்டார். அவருக்கு வாந்தியே மேல் என்று தோன்றியிருக்கும்.

டெலிபோனைத் தூக்கினால் பொன்னேரி எக்ஸ்சேஞ்சில் ஜெசிந்தா என்று ஒரு பெண் பேசுகிறாள். யார் வேண்டும் என்று சொன்னால் கல்யாணத் தரகர் மாதிரி இரண்டு பக்கமும் பேசிச் சேர்த்து வைப்பாள். வந்த முதல் நாளே ஊரில் சண்டை. யார் முதலில் பேசுவது, யார் எத்தனை நேரம் பேசுவது, எவன் மச்சான் பெரியவன் என்று புயல் கட்டடத்து முன்னால் ஒரே கூச்சல். பெரியதனக்காரர் ஆதிநாராயணன் மாமா துண்டை உதறி உதறிப் பார்த்தார், ஒருத்தனும் அடங்கவில்லை. அப்போது உன் நைனா சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாயில் எறும்பு ஊருமே. எழுந்து நின்று, “இன்னாத்துக்குப்பா சண்டை? ஏரியாட்டமா இதுக்கும் பாடு போட்டுடுங்க. அவனவன் நாள்ல அவனவன் மணி அடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, எல்லாரும் சிரிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. “எல்லப்பன் சொல்றது நாயம்தான்”னு நாலு பக்கமும் தலையாட்டினார்கள். ஆதிநாராயணன் மாமா அப்போதே சீட்டு எழுதக் காகிதம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நான் தமாஷ் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் சீட்டுக் குலுக்கி முடித்துவிட்டார்கள் கண்ணு.

மாப்பிள்ளை மலைப்பக்கத்து ஊர்க்காரர், இதை நீ அவருக்குப் படித்துக் காட்டும்போது முழிப்பார், அவருக்காக விளக்கமாகவே எழுதுகிறேன். ஏரியில் மீன் விழுகிற நல்ல இடத்தைப் பாடு என்போம். அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலை போட்டால் வெட்டு குத்து ஆகும் என்று பெரியவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். கல்யாணம் ஆன ஆண் பிள்ளை ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. இன்றைக்கு உன் பாடு என்றால் நீ மட்டும்தான் அங்கே வலை போடலாம், அன்று வலையில் விழுகிறதெல்லாம் உன்னுடையது, அடுத்தவன் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான். இந்தச் சட்டத்தை அப்படியே தூக்கி டெலிபோனுக்கு வைத்துவிட்டோம். நாற்பத்திரண்டு தலைக்கட்டு, நாற்பத்திரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒருத்தன் முறை. அன்று அவன் பேசலாம். அது சரி. அன்று வெளியூரிலிருந்து வருகிற பேச்சு யாருக்கு? அதுவும் அவனுக்குத்தான், அவன் பாட்டில் விழுந்த மீன் அல்லவா!

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். மூன்றாம் நாள் முறைக்காரன் ஏரிக்குப் போய்விட்டான், டெலிபோன் அடிக்கிறது. சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள், ஒருத்தர் கை வைக்கவில்லை. அடுத்தவன் பாட்டில் கை வைத்தால் பஞ்சாயத்து ஆகுமே. ஒருத்தன் கரைக்கு ஓடித் துண்டை வீச, முறைக்காரன் கோலை ஊன்றி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர, மணி நின்றுவிட்டது. அவன் அந்தப் பெட்டியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். அதற்கு மறுநாள் ஆதிநாராயணன் மாமா முறை. மீஞ்சூரிலிருந்து யாரோ பேசி, ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்களாம். மாமா யாருக்கு என்று கேட்கவே இல்லை. அறுபத்தி ரெண்டு வயதில் தன் பாட்டில் ஆண் பிள்ளை விழுந்திருக்கிறது என்று ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டார். நானும் இரண்டு கை வாங்கித் தின்றேன். பிள்ளையின் நிஜமான அப்பன் நம்ம கீழத்தெரு ஆள்தான், அவனும் சர்க்கரை தின்றுவிட்டு மாமாவுக்கு வாழ்த்துச் சொல்லிப் போனான். மூன்று நாள் கழித்துக் கடிதாசி வந்த பிறகுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வாயால் வந்த சட்டம் இப்படி ஊரையே ஆட்டி வைக்கிறதே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். உன் அம்மா மட்டும், “சிரி சிரி, எதுனா ஒரு வூட்ல அழுவ வெச்சிட்டுதான் நீ அடங்குவ”ன்னு சொன்னாள்.

சொன்ன மாதிரியே ஆயிற்று. மீன் கூடை சுமக்கிற அம்மணியை உனக்கு ஞாபகம் இருக்கும், புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, ஒரே பிள்ளை தேவதாஸ். நீ கல்யாணம் ஆகிப் போன பிறகு நடந்ததை உனக்கு நான் எழுதவில்லை. அந்தப் பையன் ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து, எங்கள் வீட்டுக்கும் பாடு வேண்டும், அப்பா இல்லை என்றால் வீடே இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டான். கல்யாணம் ஆகாதவனுக்குத் தலைக்கட்டு கிடையாது, உங்கள் வீட்டுக்குப் பாடு இல்லை என்று ஊர் சொல்லிற்று. அவன் பேசப் பேச, பின்னால் நின்ற அம்மணி பயந்துபோய், “உக்காருடா, ஊரை எதுத்து நாம பொழைக்க முடியுமா”ன்னு அதட்டிவிட்டாள். உட்காரவில்லை. அன்றைக்குப் போனவன்தான், விசாகப்பட்டினத்தில் இழுவைப் படகில் வேலைக்குச் சேர்ந்தான் என்று மட்டும் சேதி வந்தது. பதினாலு மாதமாக ஒரு கடிதாசி இல்லை. டெலிபோன் வந்த உடனே அம்மணி என்ன செய்தாள் தெரியுமா, ஐஸ் லாரியில் விசாகப்பட்டினம் போகிற டிரைவரைப் பிடித்து, நம் டெலிபோன் நம்பரைத் தீப்பெட்டி மேல் எழுதி வாங்கி, பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினாள். லாரி திரும்பி வந்தது. வியாழக்கிழமை காலையில் பேசுகிறேன் என்று பிள்ளை சொல்லியிருந்தான். புதன்கிழமை ராத்திரியே அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள் என்று உன் அம்மா சொன்னாள். டெலிபோனில் தலை தெரியாது என்று சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. எனக்கும் சில நேரம் புத்தி இருக்கிறது.

வியாழக்கிழமை தெருக்கோடி குப்பன் முறை. குப்பன் கெட்டவன் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் சட்டம் என்றால் சட்டம். ஏரியில் அடுத்தவன் வலை ஒரு முழம் இவன் பக்கம் வந்தாலும் பஞ்சாயத்துக்கு இழுப்பான், இவன் வலை அரை முழம் அந்தப் பக்கம் போனாலும் தானே வந்து அபராதமாகத் தப்புக் கட்டுவான். அன்று இறால் விலை சொல்ல வியாபாரி ஜலாலுதீன் பாய் மெட்ராஸிலிருந்து பேசுவார் என்று, ஏரிக்குக்கூடப் போகாமல் சட்டை மாட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அம்மணி படிக்கட்டில் நின்றாள். கூடையை இறக்கிவிட்டு, கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. குப்பன் எடுத்தான். எதிரில் ஒரு ஆம்பிளைக் குரல், எங்க அம்மாவைக் கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்கிறது. இவன் யார், எவர், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. “இன்னிக்கு என் பாடு. உங்கம்மாவுக்கு இங்க பாடு இல்லபா”ன்னு சொல்லி வைத்துவிட்டான். வைத்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல எங்கள் எல்லாரையும் திரும்பிப் பார்த்தான். அம்மணி ஈரக்கையோடு மூன்று படி கீழே நின்றுகொண்டிருந்தாள். கூடையை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். எந்த வார்த்தையைக் கேட்டு அந்தப் பிள்ளை ஊரை விட்டுப் போனானோ, அதே வார்த்தையைப் பதினாலு மாதம் கழித்துக் கம்பி வழியாக மறுபடியும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். சொன்னது குப்பன் வாய், வார்த்தை என்னுடையது. மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன் கண்ணு. உன் அம்மா என்னைத் திட்டாமல் சும்மா இருந்தாள். அதுதான் பெரிய திட்டு.

மறுநாள் விடிந்ததும் அம்மணி வீட்டு முன்னால் போய் நின்றேன். “இன்னா, இன்னும் எதுனா தமாஷ் பாக்கி கீதா”ன்னு கேட்டாள். “பொன்னேரி போலாம் வா, அந்தப் பொண்ணு ஜெசிந்தாவைப் பார்த்தா எங்கேருந்து பேசினான்னு தெரியும்”னு சொன்னேன். படகு ஏறி, பஸ் ஏறி, திருப்பாலைவனம் வருகிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அங்கே இரண்டு பொம்பிளைகள் பஸ்ஸில் ஏறி, இன்னா அம்மணி இன்னிக்கு மீன் இல்லியா என்று கேட்டார்கள். “இன்னிக்கு இந்த ஆள்தான் மீனு, கூறு போட்டு வித்துட்டு வரப் போறேன்”னு என்னைக் காட்டினாள். எனக்கு உயிரே வந்தது. ஜெசிந்தா குரலைக் கேட்டு ஒல்லியாக, உயரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன், நம்ம சுங்கான் மீன் மாதிரி குண்டாக, கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் விசாகப்பட்டினத்துப் பெண்ணோடு பேசி, அது துறைமுகத்துப் பக்கம் ஒரு டீக்கடை நம்பர் என்று கண்டுபிடித்து, கடைக்காரரையே பிடித்துக் கொடுத்தாள். அவர் தெலுங்கில் பேசினார், நமக்குத்தான் அரைத் தெலுங்கு தெரியுமே. அந்தப் பையன் வியாழக்கிழமை விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தானாம், பேசி முடித்ததும் டீ ஆறுகிற வரைக்கும் கிளாஸைப் பிடித்துக்கொண்டே இருந்தானாம். படகுக்குப் போகும்போது, இனிமேல் அந்த ஊரிலிருந்து யார் பேசினாலும் நான் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றானாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு கரைக்கு வரும் என்றார். அம்மணிக்கும் தெலுங்கு தெரியும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சேர்த்து வைக்கிறேன் என்று ஜெசிந்தா சொன்னாள். ஆனால் அவன் வந்து பேச வேண்டுமே. அதற்கு ஜெசிந்தா என்ன செய்வாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் போடச் சொன்னேன். எழுந்து நின்று, இது முதலில் தமாஷுக்குச் சொன்னது, சட்டம் இல்லை என்றேன். ஊரே என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் குப்பனைத்தான் கேட்டேன். “குப்பா, பெரிய புயல்ல உன் வலை அடிச்சிக்கினு போச்சே, எங்க கெடச்சிது?” “வடக்கே, பக்கத்துக் குப்பத்தான் பாட்டுல.” “யார் எடுத்தா?” “அன்னிக்கு முறைக்காரன்தான் எடுத்தான்.” “என் பாட்டுல வந்தது, என் வலைன்னு வெச்சிக்கினானா?” குப்பன், “அதெப்படி வெச்சிக்குவான்? மிதப்புல என் நீலத்துணி கட்டியிருந்துச்சே, அடையாளம் இருக்கற வலை உடையவனுக்குத்தானே”ன்னான். “அதுல மீன் இருந்துதா?” “ரெண்டு கூடை மடவை. அதையும் சேர்த்துத்தான் கொண்டாந்து குடுத்தான்.” “அப்ப, எங்க அம்மாவைக் கூப்பிடுன்னு அடையாளத்தோட ஒரு பேச்சு வந்துதே, அது மீனா, துணி கட்டின வலையா?” அவ்வளவுதான் கேட்டேன். குப்பன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகப் போயிற்று. தன் சட்டத்திலேயே தான் தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. “அந்தப் புள்ளையா அது”ன்னு மெதுவாகக் கேட்டான். அப்புறம், “தப்புக் கட்டணும்னா கட்டறேன். ஆனா ஞாயித்துக்கிழமை அவங்கிட்ட நானே மொதல்ல பேசறேன்”னான். அந்த நேரம் பார்த்து, பொம்பிளைகள் நிற்கிற பக்கத்திலிருந்து உன் அம்மா, “அது இருக்கட்டும், எறா தட்டு எடுக்கறப்ப அம்மணி வூடு ஒரு வூடு. சீட்டு குலுக்கறப்ப மட்டும் அது வூடு இல்லியா? ஆம்பள இல்லாத வூடுங்க எத்தினி தட்டு குடுத்துகீது, எண்ணுங்க”ன்னு சத்தம் போட்டாளே பார்க்கலாம். நான் கல்யாணம் பண்ணி இருபத்தாறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் பேச்சில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆதிநாராயணன் மாமா ரொம்ப நேரம் துண்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், வருகிற பேச்சு அந்தப் பேர் உடையவருக்கு, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கூப்பிடலாம், போகிற பேச்சுக்கு மட்டும் முறை, அதில் ஆண் இல்லாத ஆறு வீட்டுக்கும் சீட்டு உண்டு, முதல் சீட்டு அம்மணிக்கு, நாளைக்கே, மற்றவர்கள் ஒரு நாள் தள்ளிப் போங்கள் என்று சொல்லிவிட்டார். என் பக்கம் திரும்பி, “எல்லப்பா, இனிமே கூட்டத்துல தமாஷ் பண்றதா இருந்தா மொதல்ல கையத் தூக்கி, இது தமாஷுனு சொல்லிட்டு அப்பறம் பேசு”ன்னார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புயல் கட்டடத்தில் நிற்க இடம் இல்லை. ஜெசிந்தா சேர்த்து வைத்தாள். குப்பன் வாங்கினான். டீக்கடைக்காரர் தெலுங்கில் ஆள் இல்லை என்றார். இல்லை என்று சொல்லச் சொல்லிப் பின்னால் ஒருத்தன் முணுமுணுக்கிறது குப்பன் காதிலேயே விழுந்ததாம். அப்புறம் நடந்ததற்கு யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. விசாகப்பட்டினம் தூரம், அதற்கு ஏற்ற மாதிரி கத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். ஏரியில் அக்கரைப் படகைக் கூப்பிடுகிற மாதிரி வயிற்றை எக்கி, “டேய் தேவதாஸு! குப்பன் பேசறேன்டா! அன்னிக்கு நான் சொன்னது தப்புடா! உங்கம்மாவுக்கு இங்க பாடு இருக்குதுடா! இன்னிக்கே அவ பாடுதான்டா! நான்தான்டா அவ பாட்டுல பூந்து பேசிக்கினு கீறேன்!” என்று கத்தினான். கம்பியில் இருந்த நீர்க்காகம் எல்லாம் எழுந்து பறந்துவிட்டது. கம்பி இல்லாமலே விசாகப்பட்டினத்துக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். டீக்கடையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் காது வைக்காமலே அத்தனை பேருக்கும் கேட்டதாம், பின்னால் அந்தப் பிள்ளையே டெலிபோனில் சொன்னான். குப்பன் எங்களைப் பார்த்தான், நாங்கள் குப்பனைப் பார்த்தோம். அப்புறம் அந்தப் பிள்ளை குரல் காதில் விழுந்து அவன் முகம் மாறியது. ரெண்டு கையாலும் டெலிபோனைத் தூக்கி, கோயில் தீபாராதனைத் தட்டு கொடுக்கிற மாதிரி அம்மணியிடம் கொடுத்தான்.

அம்மணி குரல் உனக்குத் தெரியும், கூடையோடு ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த ஊரில் பூனை எழுந்து உட்காரும். அன்றைக்கு அவள் பேசினது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகப் பேசினாள். “நீ அன்னிக்கு கூட்டத்துல கேட்டது நாயம்தான்டா. நான்தான் பயந்துகினு உன்னை உக்காரச் சொன்னேன்”னு சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள், தலையை மட்டும் ஆட்டினாள். அவனுக்குத் தலையாட்டுவது தெரியாதே என்று சொல்ல நினைத்து நான் கையைத் தூக்கினேன், உன் அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். மூன்று நிமிஷம் ஆயிற்று, நீட்டவா என்று நடுவில் ஜெசிந்தா கேட்டிருக்கிறாள். அம்மணி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். ஊரே ஒரே குரலில் நீட்டு நீட்டு என்றது. வைத்த பிறகு முந்தானையால் அந்தக் கறுப்பு டெலிபோனைத் துடைத்து, பெட்டியை மூடிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மீன் விற்கிற நேரம் போய்விட்டதே, இன்னும் எங்கே போகிறாய் என்று குப்பன் பொண்டாட்டி முனியம்மா கேட்டதற்கு, “சும்மா கூவிட்டு வரேன்”னு சொல்லிவிட்டு வெறும் கூடையோடு நாலு தெருவும் சுற்றி வந்தாள்.

அதிலிருந்து வருகிற பேச்சுக்கு ஆள் கூப்பிடுகிற வேலையை ஊர் அவளிடமே கொடுத்துவிட்டது. மீன் விற்றுவிட்டு வந்து பத்து மணியிலிருந்து அங்கேதான் இருக்கிறாள், தட்டு இறால் அவளுக்குத் தள்ளுபடி. அதனால் தேவகி, நீயும் மாப்பிள்ளையும் பேசுங்கள். பொன்னேரி எக்ஸ்சேஞ்ச், நம்பர் நாற்பத்தி ஏழு. பத்து மணிக்கு மேல் பேசு. எடுத்ததும் என் பெயரைச் சொல்லிவிட்டுக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள், ஏனென்றால் அம்மணி டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டேதான் எங்களைக் கூவுவாள். பேசும்போது சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லாதே, பிள்ளையை அழ வைத்தாவது அவன் சத்தத்தை உன் அம்மாவுக்குக் கேட்க வை. அவளுக்கு அது போதும். எனக்கு மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசினால் போதும், ஊமை இல்லை என்று எனக்கு ஒரு நிச்சயம் வேண்டியிருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டால், இது தமாஷ் என்று உன் நைனா கையைத் தூக்கினார் என்று சொல்.

தேவதாஸ் பங்குனியில் வருகிறான். அம்மணி இப்போதே கூரைக்குப் புது ஓலை மாற்றிவிட்டாள். நேற்று அவளிடம், பிள்ளை வந்ததும் அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவிடு, அப்போதுதான் ஏரிப் பாட்டுக்கும் தலைக்கட்டு கேட்க முடியும் என்று சொன்னேன். ஏரிக்கும் ஆண் இல்லாத வீட்டுக்குச் சீட்டு வேண்டும் என்று அவளும் உன் அம்மாவும் சேர்ந்து ஆதிநாராயணன் மாமா வீட்டுக்கு மூன்று நாளாக நடக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அவனுக்கு இன்னாத்துக்கு தலைக்கட்டு? எங்க வூட்டுக்கு நான் கீறேன். அவன் என் பாட்டுல வலை போடட்டும்”னு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கங்கையம்மன் உங்கள் மூன்று பேரையும் கண்ணில் வைத்துக் காப்பாற்றட்டும். பிள்ளைக்கு இரண்டாவது பல் வந்தால் தனிக் கடிதமாகவே போடு, நான் ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழையை மாப்பிள்ளைக்குக் காட்டாதே.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு வரை படித்த உன் நைனா
கு. எல்லப்பன்